ஒன்பதாம் அயர்னின் இரண்டு டிகிரி: வீட்டில் கிளப் கோணம் பார்க்க ஒரு கருவி தேடிய அனுபவம்

"மாப்ள, எட்டுல அடிச்சாலும் ஒன்பதுல அடிச்சாலும் பந்து ஒரே எடத்துலதான் போய் விழுகுது. ஒன்பது மட்டும் எடது பக்கமா வேற இழுக்குது. எனக்கு வயசாயிருச்சா, இல்ல கிளப்புல கோளாறா?"

மாமா இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு, ஒன்பது என்பது கோல்ஃப் மட்டைகளின், அதாவது கிளப்புகளின் எண். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரத்துக்கு மூன்று நாள் கோயம்புத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குப் போகிறவர். எனக்கும் இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டவர் அவர்தான். நான் அதே ஊரில் கணபதிப் பக்கம் ஒரு டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் பட்டறையில், அளவெடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அதனால் வீட்டில் எது கோணலாகத் தெரிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மாமாவின் செட் பழையது, ஒருவர் கையிலிருந்து வாங்கியது. ஐந்து முதல் ஒன்பது வரை அயர்ன் (உலோகத் தலை வைத்த கிளப், எண் கூடக்கூடப் பந்து போகும் தூரம் குறையும்), கூடவே ஒன்பதைவிடக் குறைந்த தூரத்துக்கு ஒரு பிட்சிங் வெட்ஜ். தலைகள் அடித்து உருவாக்கிய கார்பன் ஸ்டீல், தண்டு கிராஃபைட். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் கணக்குப்படி எட்டின் லாஃப்ட் 36.5 டிகிரி, ஒன்பது 41, வெட்ஜ் 46. லை கோணம் முறையே 63, 63.5, 64.

கோல்ஃப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த இரண்டு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். கிளப்பின் முகம் பின்னால் எவ்வளவு சாய்ந்து வானத்தைப் பார்க்கிறது என்பது லாஃப்ட். சாய்வு கூடினால் பந்து உயரமாகப் போய்ச் சீக்கிரம் இறங்கும். கிளப்பைத் தரையில் சரியாக உட்கார வைத்தால் தண்டுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள கோணம் லை. அது கூடிப்போனால் அடிக்கும்போது கிளப்பின் நுனிப் பக்கம் தூக்கிக்கொள்ளும். வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து இடது பக்கம் போகும்.

மைதானத்தில் ஒவ்வொரு கிளப்பிலும் மாமா இருபது பந்து அடித்தார், நான் குறித்துக்கொண்டேன். சரியாகப் படாத அடிகளைக் கழித்துப் பார்த்தால் எட்டு 122 யார்டு, ஒன்பது 118, வெட்ஜ் 98. அவர் அடிக்கும் வேகத்தில் ஒரு டிகிரி லாஃப்டுக்குச் சுமார் இரண்டரை முதல் மூன்று யார்டு வரும். அப்படியானால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு யார்டாவது இருக்க வேண்டும். இருந்தது நான்கு. ஒன்பதுக்கும் வெட்ஜுக்கும் நடுவேயோ இருபது. ஆட்டக்காரருக்கு வயதாகிவிட்டது என்றால் எல்லா கிளப்பும் சேர்ந்தல்லவா குறைய வேண்டும்? இரண்டு பக்கமும் ஏறுமாறாக இருப்பதால் ஒன்பதைத்தான் முதலில் சந்தேகித்தேன்.

சரி, அளந்து பார்த்துவிடலாம். எதை வைத்து அளப்பது?

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது டூல் ரூமில் எங்களுக்குப் பழக்கம். லாஃப்ட் அரை டிகிரி மாறினால் மாமாவுக்கு ஒன்றரை யார்டுகூட இல்லை. அவருடைய இரண்டு நல்ல அடிகளுக்கு நடுவிலேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். புதுக் கிளப்பே கணக்கிலிருந்து ஒரு டிகிரி வரை கூடக் குறைய வருவது உண்டு. ஆகவே அரை டிகிரியை நம்பிச் சொல்ல முடிந்தால் போதும். பத்தில் ஒரு டிகிரி, நூறில் ஒரு டிகிரி என்று எழுதியிருக்கும் பெட்டிகளுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. நம்பிச் சொல்ல வேண்டும் என்பதுதான் கஷ்டமான பாதி.

முதலில் கைபேசி. பத்தில் ஒரு டிகிரி காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, ஒன்பதாம் அயர்னைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, முகத்தில் போனைச் சாய்த்துப் பார்த்தேன். ஐந்து முறை எடுத்து ஐந்து முறை வைத்தேன். 36, 39, 41, 38, 40 என்று வந்தது. போனுக்குள் இருக்கும் சென்சார் மோசமில்லை. போனின் உடம்புதான் இந்த வேலைக்கு ஒத்துவராது. விளிம்பெல்லாம் உருண்டை, பின்பக்கம் கேமரா புடைத்திருக்கும், கவர் வேறு. எந்தப் பக்கத்தை வைத்து அளக்கிறோம் என்பதற்கே உறுதி இல்லை. ஐபோனில் கூடவே வரும் மட்டம் பார்க்கும் வசதி முழு டிகிரியை மட்டும்தான் காட்டும், அதுவும் இதற்குப் போதாது.

அடுத்தது டிஜிட்டல் ஆங்கிள் பாக்ஸ். தச்சர்கள் ரம்பப் பலகையின் சாய்வு பார்க்க வைத்திருப்பார்களே, அடியில் காந்தம் ஒட்டிய சின்னச் சதுரப் பெட்டி. இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கினேன். 0.1 டிகிரி வரை காட்டும். காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு என்பதால் வாங்கிய அன்றே டூல் ரூமுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். சைன் பார் என்பது துல்லியமான சாய்வு உண்டாக்கும் இரும்புப் பட்டை, ஸ்லிப் கேஜ் என்பது தடிமன் துல்லியமாகத் தெரிந்த இரும்புக் கட்டை. 100 மி.மீ. சைன் பாரின் ஒரு முனைக்கு அடியில் 50 மி.மீ. ஸ்லிப் கேஜ் வைத்தால் சரியாக 30 டிகிரி. பெட்டி 30.1 காட்டியது. 34 டிகிரிக்கு 55.919 மி.மீ. அடுக்கிப் பார்த்தேன், 34.0 வந்தது. இந்த வேலைக்கு இது தாராளம்.

சைன் பார் இல்லாதவர்களும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெட்டியை ஒரு பலகையில் வைத்து எண்ணைக் குறியுங்கள். அதே இடத்தில் முன் பின்னாகத் திருப்பி வைத்துத் திரும்பக் குறியுங்கள். பெட்டி சரியாக இருந்தால் ஒருமுறை எவ்வளவு ஏற்றம் காட்டியதோ மறுமுறை அவ்வளவு இறக்கம் காட்டும். வித்தியாசம் இருந்தால் அதில் பாதி பெட்டியின் பிழை. ரசமட்டத்தை மேஸ்திரிகள் திருப்பி வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

நல்ல பெட்டி கையில் வந்துவிட்டது என்று தைரியமாகக் கிளப்பை மேசையில் வைத்து, ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் பெட்டியை ஒட்டி ஐந்து முறை அளந்தேன். 37.4 முதல் 40.1 வரை அலைந்தது. கிட்டத்தட்ட மூன்று டிகிரி. சைன் பாரில் 0.1 டிகிரிக்குள் நின்ற அதே பெட்டிதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெட்டி ஒழுங்காக இருக்கிறது, கிளப் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நிற்கிறது. கோல்ஃப் கிளப் அளவெடுப்பதற்கு மிகவும் சிரமமான பொருள். அடிப்பாகம் படகு மாதிரி வளைந்திருக்கும், மேசையில் எங்கே வேண்டுமானாலும் உட்காரும். முன்விளிம்பும் வளைவு. தண்டு ஒரு முனையில் தடியாகவும் மறு முனையில் ஒல்லியாகவும் இருக்கும். ஒரு நேர்க்கோடு, ஒரு சமதளம் என்று நம்பிப் பிடித்துக்கொள்ள அதில் இருப்பவை இரண்டே. ஒன்று முகம், இன்னொன்று முகத்தில் குறுக்காக வெட்டியிருக்கும் கோடுகள்.

தப்பாக நின்றால் எவ்வளவு பிழை வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தண்டை இலக்குப் பக்கமாக ஒரு டிகிரி சாய்த்துப் பிடித்தால் லாஃப்ட் அப்படியே ஒரு டிகிரி குறைந்து காட்டும். கிளப்பைத் தண்டின் அச்சில் இரண்டு டிகிரி திருப்பி வைத்தால் லாஃப்டில் 0.9 டிகிரி மாறும். லை கோணம் இன்னும் நுணுக்கம். முகத்துக் கோட்டின் நீளம் சுமார் 50 மி.மீ. அந்தக் கோட்டின் இரண்டு முனைகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்போதுதான் லை பார்க்க வேண்டும். ஒரு முனை அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே லை 0.57 டிகிரி தப்பு. அரை மில்லிமீட்டர் என்பது நான்கைந்து தாள் தடிமன். மேசை மேல் வைத்துக் கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. முப்பதாயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கினாலும் இந்த அரை மில்லிமீட்டர் அப்படியே இருக்கும்.

அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். கிளப்பை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிறுத்துவது எது என்று தேடினேன்.

இதற்கென்றே செய்த கருவிகள் உண்டு. தண்டை இரண்டு வி வடிவத் தாங்கிகளில் படுக்க வைத்து, தலையைச் சமதளத்தில் உட்கார வைத்து, முள் காட்டும் கோணமானியில் லாஃப்டும் லையும் படிக்கிற கேஜ்கள். கிளப் செய்யும் தொழிலில் பெயர் பெற்ற ரால்ஃப் மால்ட்பி தொடங்கிய கோல்ஃப்வொர்க்ஸ் மாதிரியான அமெரிக்க நிறுவனங்கள் விற்கின்றன. தலையைக் கவ்விப் பிடித்து அங்கேயே வளைக்கவும் முடிகிற பெரிய எந்திரங்களும் இருக்கின்றன. அவற்றின் அருமை அந்த முள்ளில் இல்லை, தாங்கியில்தான் இருக்கிறது. மாதம் பத்து செட் பார்க்கிற ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரே ஒரு செட்டுக்காக வரவழைத்தால் வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து மாமாவின் செட் விலையைத் தாண்டிவிடும்.

டூல் ரூமில் பெவல் புரோட்ராக்டர், அதாவது இரண்டு கால் உள்ள துல்லியமான கோணமானி, இருக்கிறது. வெர்னியரில் 5 நிமிடம் வரை, அதாவது டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை படிக்கலாம். அதை வைத்தும் பார்த்தேன். அதன் ஒரு காலை வைக்க ஒழுங்கான தளம் வேண்டும், மறு காலைத் தண்டில் சேர்க்க வேண்டும். தண்டோ கூம்பு. எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அளக்கறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பிக்சர் போடுங்க" என்றார். டூல் ரூமில் பிக்சர் என்றால் பொருளை அசையாமல் ஒரே நிலையில் பிடிக்கிற தாங்கி. நானும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தேன். அவர் வாயால் கேட்டதும் தெம்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செய்ய ஆரம்பித்தேன். அடித்தளத்துக்குக் கிரானைட் கடையில் சமையல் மேடை வெட்டி மிஞ்சிய துண்டு, இரண்டடிக்கு ஓரடி. பாலிஷ் போட்ட பக்கம் இந்த வேலைக்குப் போதுமான சமதளம். அடியில் மூன்று திருகுக் கால் வைத்தேன். நான்கு வைத்தால் ஒன்று எப்போதும் ஆடும். கிரானைட்டின் ஓரத்தில் 18 மி.மீ. பிளைவுட் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, மூலமட்டம் பிடித்துப் பார்த்து, எல் ஆங்கிளால் இறுக்கினேன். பலகையில் ஒரு போல்ட், அதில் சுழலும் கையாக ஒரு சதுர இரும்புக் குழாய். வேண்டிய சாய்வில் நிறுத்த விங் நட். குழாயின் மேல் 250 மி.மீ. இடைவெளியில் இரண்டு வி கட்டை. தண்டு அந்த வி-க்களில் படுக்கும், சைக்கிள் டியூபை வெட்டிய பட்டை அதை அழுத்திப் பிடிக்கும். தண்டை மெல்லக் கீழே தள்ளினால் தலை கிரானைட்டில் போய் உட்காரும்.

இதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. கிராஃபைட் தண்டில் காந்தம் ஒட்டாது. இப்போது பெட்டி இரும்புக் குழாயின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது, தண்டைத் தொடவே வேண்டாம்.

தண்டின் கூம்புதான் கொஞ்சம் வேலை வைத்தது. பிடிப் பக்கம் 0.600 அங்குலம், தலைப் பக்கம் 0.370. இரண்டு வி-க்கும் நடுவில் விட்டம் 1.55 மி.மீ. குறைகிறது. 90 டிகிரி வி-யில் ஒல்லியான பக்கம் ஆழமாக இறங்கும். விட்டத்தின் வித்தியாசத்தை 0.707-ஆல் பெருக்கினால் எவ்வளவு இறங்குகிறது என்று வரும், இங்கே 1.1 மி.மீ. 250 மி.மீ. நீளத்துக்கு அது கால் டிகிரி. தலைப் பக்கத்து வி-க்கு அடியில் 1.1 மி.மீ. தகடு வைத்ததும் சரியாகிவிட்டது. இரும்புத் தண்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்த வேலை உண்டு. படிப்படியாக ஒடுங்கும் தண்டில் இரண்டு படிகளுக்கு நடுவில் ஒரே விட்டம்தான், ஆனால் 250 மி.மீ.க்குள் பல படிகள் வந்துவிடும். வெர்னியர் காலிப்பரில் இரண்டு இடத்தையும் அளந்துவிட்டால் தெரிந்துவிடும்.

பிறகு, முகத்தை நேராக நிறுத்துவது. இதற்குத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. பலகைக்கு இணையாக கிரானைட்டில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டில் ஒரே உயரமுள்ள இரண்டு இரும்புக் கட்டை, அவற்றின் மேல் பாலம் மாதிரி ஆறு அங்குல டூல் பிட் (லேத்தில் வெட்டப் பயன்படும் நேரான சதுர ஸ்டீல் துண்டு) ஒன்று. டூல் பிட்டின் கீழ் விளிம்பு கிளப் முகத்தின் நடுவில் போய்த் தொடும். பின்னால் டார்ச் அடித்தேன். கிளப் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் ஊசி மாதிரி வெளிச்சம் கசிகிறது. தண்டை வி-க்குள் மயிரிழை திருப்பினால் வெளிச்சம் மெலிந்துகொண்டே வந்து முழு நீளத்துக்கும் அணைந்துவிடும். அப்போது முகம் நேர். அதே நேரம் டூல் பிட்டின் விளிம்பும் முகத்துக் கோடும் இணையாக ஓடுகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் இடைவெளி கூடினால் குழாயின் சாய்வை மாற்ற வேண்டும். இரண்டும் ஒத்துவந்த பிறகு குழாயில் பெட்டியை ஒட்டினால் லை. முகத்தில் ஒட்டினால் வரும் எண்ணை 90-இலிருந்து கழித்தால் லாஃப்ட். முகத்தில் ஒட்டும்போது பெட்டியின் விளிம்பை அந்தக் கோடுகளோடு சேர்த்து வைக்க வேண்டும். ஐந்து டிகிரி கோணலாக ஒட்டினாலும் கால் டிகிரி தின்றுவிடும்.

ஒன்பதாம் அயர்னை ஐந்து முறை முழுக்கக் கழற்றி, ஐந்து முறை புதிதாக மாட்டி அளந்தேன். 38.6, 38.8, 38.7, 38.5, 38.8. மூன்று டிகிரி அலைந்தது 0.3 டிகிரிக்கு வந்துவிட்டது. பெட்டி அதே பெட்டி. கருவி வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒரு சோதனையைத்தான். கிளப்பை வைத்தபடியே ஐந்து முறை பட்டனை அழுத்தினால் எந்தக் கருவியும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கழற்றி மாட்டிப் பார்த்தால்தான் கருவியின் குணம் தெரியும். கடையில் பார்க்கும்போதும், நண்பரிடம் இரவல் வாங்கும்போதும், நாமே செய்யும்போதும் இதைச் செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் அளவு அறையில் வெப்பநிலை எப்போதும் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், நீள அளவுக்கு உலகம் முழுக்க அதுதான் கணக்கு. வீட்டு மாடியில் மே மாத வெயிலில் அளந்தால் தப்பாகுமே என்று ஒரு நண்பர் கேட்டார். கோணத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். இரும்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் விரிந்தால் நீளம் மாறும், கோணம் மாறாது.

முழு செட்டையும் அளந்ததில் ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் கணக்கோடு அரை டிகிரிக்குள் ஒத்துப்போயின. எட்டு 37.0, வெட்ஜ் 46.2, லையும் சரி. ஒன்பது மட்டும் லாஃப்ட் 38.7, லை 65.6. லாஃப்ட் 2.3 டிகிரி குறைவு, லை 2.1 டிகிரி கூடுதல்.

ஆக எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தது 1.7 டிகிரிதான். ஒன்பதுக்கும் வெட்ஜுக்கும் நடுவில் 7.5. மாமாவின் நான்கு யார்டும் இருபது யார்டும் அப்படியே வந்து பொருந்தின. கிளப்பை விளக்கருகே கொண்டுபோய்த் தண்டு செருகும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குரோம் பூச்சின் மேல் எதிரெதிராக இரண்டு மங்கலான தடம், ஒவ்வொன்றும் அரிசி நீளம். வளைக்கும் கம்பி கவ்விய அடையாளம். முன்பு வைத்திருந்தவர் யாரோ தன் தேவைக்கு வளைத்திருக்கிறார். அவர் செய்தது தப்பில்லை, அவருக்கு அது பொருந்தியிருக்கும். பழைய செட் வாங்கும்போது பலர் பிங் என்ற கம்பெனியின் கிளப்புகளில் இருக்கும் வண்ணப் புள்ளியைப் பார்த்துத்தான் லை முடிவு செய்கிறார்கள். கறுப்பு என்றால் சாதாரணம், நீலம் என்றால் நிமிர்ந்தது, சிவப்பு என்றால் படுத்தது என்று. அந்தப் புள்ளி சொல்வது கம்பெனியை விட்டு வந்த நாளின் கதை. நடுவில் யாராவது வளைத்திருந்தால் புள்ளி நிறம் மாறாது.

இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. ஒன்பதில் அடிக்கும்போது மண் கூடுதலாகப் பெயர்கிறது என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். லாஃப்டைக் குறைத்து வளைத்தால் அடிப்பாகத்தின் பவுன்ஸ் கோணமும், அதாவது அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் சாய்வும், அதே அளவு குறையும். முன்விளிம்பு மண்ணில் கொத்தும்.

இடது பக்க இழுப்பு முழுவதும் கிளப்பின் மேல் போட வேண்டியதில்லை. லை பிழையை லாஃப்டின் டேன் மதிப்பால் பெருக்கினால் முகம் எவ்வளவு விலகிப் பார்க்கிறது என்று வரும். 2.1 ஐ 0.80 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.7 டிகிரி. 118 யார்டில் அது மூன்றரை யார்டு. மாமா பத்து யார்டு இழுக்கிறது என்கிறார். மிச்சம் ஆறரை யார்டு அவருடைய வீச்சில் இருக்கிறது. அதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். இதே இரண்டு டிகிரி தப்பு 10 டிகிரி லாஃப்ட் உள்ள டிரைவரில் (மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்) இருந்தால் முகம் அரை டிகிரிகூட விலகாது. லை சரியில்லையென்றால் முதலில் தெரிவது வெட்ஜிலும் ஒன்பதிலும்தான்.

வளைப்பதை நான் வீட்டில் செய்யவில்லை. தலையைக் கவ்வ அதற்கேற்ற வைஸ் வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். அடித்துருவாக்கிய கார்பன் ஸ்டீல் மிருதுவானது, இரண்டு டிகிரி தாங்கும். 17-4 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்புத் தலையாக இருந்திருந்தால் ஒருமுறை வளைத்ததைத் திரும்ப வளைக்கச் சொல்லியிருக்கவே மாட்டேன், கழுத்தில் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

பெங்களூரில் கிளப் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் எட்டு, ஒன்பது, வெட்ஜ் மூன்றையும் எடுத்துப்போனோம். அவருடைய எந்திரத்தில் மூன்றின் லையும் எங்கள் அளவைவிட 0.6 டிகிரி குறைவாகக் காட்டியது. மூன்றுக்குமே அதே 0.6. எனக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. அவர் தாங்கியும் என் தாங்கியும் கிளப்பை நிறுத்தும் விதத்தில் ஒரு நிலையான வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான். கிளப்புக்குக் கிளப் உள்ள இடைவெளியை இருவரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம். அதனால் "ஒன்பதை 63.5-க்குக் கொண்டுவாங்க" என்று கேட்கவில்லை. "எட்டுக்கும் வெட்ஜுக்கும் நட்ட நடுவுல வர்ற மாதிரி வச்சுக்குடுங்கண்ணா, லாஃப்டும் லையும் ரெண்டுமே" என்றேன். அவர் தன் எந்திரத்திலேயே மூன்றையும் அளந்து, நடு எண்ணைப் பிடித்து, இரண்டு இழுப்பில் முடித்துவிட்டார். இரண்டு பேர் கருவியும் வேறாக இருக்கும்போது எண்ணைச் சொல்லி வேலை கொடுத்தால் அந்த 0.6 கிளப்புக்குள் போய்விடும்.

வீட்டுக்கு வந்து தாங்கியில் வைத்தேன். லாஃப்ட் 41.4, லை 63.6. எட்டு, ஒன்பது, வெட்ஜ் இப்போது 37.0, 41.4, 46.2.

இதெல்லாம் கிளப்பின் கோணம். மாமாவின் கைக்கு இந்தக் கோணம் பொருந்துகிறதா என்பதைத் தாங்கி சொல்லாது. அடிக்கும் கணத்தில் தண்டு வளைந்து கிளப்பின் நுனி கீழே இறங்கும், கையும் நின்ற நிலையைவிட உயரும். அதைப் பார்க்க மார்க்கர் பேனா போதும். பந்தில் தடிமனாக ஒரு கோடு போட்டு, அது செங்குத்தாக, கிளப் முகத்தைப் பார்த்தபடி இருக்குமாறு வைத்து அடிக்க வேண்டும். கோடு முகத்தில் பதியும். செங்குத்தாகப் பதிந்தால் லை பொருத்தம். கோட்டின் மேல் முனை கிளப்பின் நுனிப் பக்கம் சாய்ந்தால் லை கூடுதல், தண்டுப் பக்கம் சாய்ந்தால் குறைவு. மாமா ஒன்பதில் ஆறு பந்து அடித்தார். நான்கு கோடு நேர், இரண்டு லேசாக நுனிப் பக்கம். அப்படியே விட்டுவிட்டோம்.

மறு வாரம் தூரம் பார்த்தோம். எட்டு 121, ஒன்பது 110, வெட்ஜ் 98. ஒன்பதின் இழுப்பு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அதற்கு மாமா இப்போது பயிற்சியாளரிடம் போகிறார்.

தாங்கி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மைதானத்து நண்பர்கள் சிலர் செட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அயர்னும் வெட்ஜும் பார்த்துத் தருகிறேன். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கிளப்பான பட்டருக்கும் இது ஒத்துவருகிறது, விதிப்படி பட்டரின் தண்டு செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும் என்பதால் பழைய பட்டர் வாங்கியவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. டிரைவரை மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதன் முகம் மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் புடைத்திருக்கிறது, டூல் பிட்டின் விளிம்பு அதில் ஒரு புள்ளியில்தான் தொடும், டைட்டானியத்தில் காந்தமும் ஒட்டாது. அதற்கு வேறு தாங்கி போட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மாமாவின் ஒன்பதைத் திரும்பவும் அளந்தேன். மிருதுவான ஸ்டீல், கட்டாந்தரையிலும் பயிற்சிப் பாயிலும் அடி வாங்கினால் நாளாவட்டத்தில் நகரக்கூடும். 41.2 காட்டியது. என் தாங்கியின் அலைச்சலே 0.3. அதனால் கிளப் நகர்ந்தது என்றும் சொல்லவில்லை, நகரவில்லை என்றும் சொல்லவில்லை. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அப்புறம் மறுபடி அளப்பேன்.